ஏழு கட்டம்

தேயிலை நிறுக்கிற சின்னக்கானல் மஸ்டர் கொட்டகைக்குள் சாயங்கால மூடுபனி நுழைந்து தராசுச் சங்கிலியை நனைக்கிறது. கொழுந்துச் சாக்கின்மேல் உட்கார்ந்து குருவம்மாள் போனை மூக்குக்கு நேராகப் பிடித்திருக்கிறாள். தொழிலாளிகளுக்கு எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி பண்ணச் சம்மதமா, மறுப்பா என்று எஸ்டேட் ஆப்பில் இன்றைக்குள் சொல்லியாக வேண்டும். முதல் பக்கத்தில் 'தமிழ்' என்று கண்டதும் ஆசையாக அமுக்கிவிட்டாள். ஐம்பது தாண்டிக் கற்ற எழுத்தல்லவா. இப்போது தமிழ் எழுத்தைக் காட்டத் தெரியாத ஆப்பின் திரை முழுக்க எழுத்தே இல்லை. ஆள் போன லயம்போல வெறுங் கட்டங்கள் வரிசையாக நிற்கின்றன.

"அமுக்குக்கா. தமிழ் வாசிக்கிற ஆளு நீயி," என்கிறான் சூப்பர்வைசர் பாண்டித்துரை. "கடைசி ரெண்டு வரிசையில ஒண்ணு சம்மதம், ஒண்ணு மறுப்பு."

"எது எதுய்யா?"

"எனக்கு என்ன தெரியும்? லயத்துல இருக்கிறவுகளுக்குத்தான் இது வருது. தமிழ்னு நீதான அமுக்குன, இனி மாத்த விடாது."

அவள் கறை படிந்த விரலை மடக்கி எண்ணுகிறாள். சம்மதத்துக்கு அஞ்சு எழுத்து, மறுப்புக்கு நாலு. குட்டையான வரிசையை அமுக்கினால் வீடு தங்கும். மேல் வரிசையில் ஏழு கட்டம். கீழ் வரிசையிலும் ஏழு. புள்ளிக்கும் சுழிக்கும் போன் தனித்தனிக் கட்டம் போடுவது அவளுக்குத் தெரியாது. படித்ததுதான் தப்போ என்று உதடு அசைய மறுபடி எண்ணுகிறாள். ஏழு, ஏழு. பின்னால் நிற்கிற பெண்கள் செருமுகிறார்கள். கண்ணை மூடிக் கீழ் வரிசையை அமுக்குகிறாள். போன் டிங் என்கிறது.

"ஏத்துக்கிருச்சுக்கா," என்று பாண்டித்துரை அடுத்த பேரைக் கூப்பிடுகிறான்.

"எதைய்யா ஏத்துக்கிருச்சு?"