கத்தரி எடுக்காத நாள்

நாய்களுக்கு முடிவெட்டும் கடையில் அடுத்தடுத்து இரண்டு கூண்டுகள். ஒன்றில் பால்பல் விழாத குட்டி. மற்றதில் உடம்பெல்லாம் சடைபிடித்த பெரிய நாய். கடிக்காமலிருக்க அதற்கு வாய்க்கூடு மாட்டியிருந்தது.

"என்னடா பொடியா, இப்படி நடுங்குறே?" என்றது பெரிய நாய்.

ஒரு பெண் வந்து குட்டியைத் தூக்கிப்போய் மேசையில் நிறுத்தினாள். முடி உலர்த்தும் யந்திரம் இரைந்தது. குட்டி நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போனது. அவள் அதன் பாதங்களை மெதுவாகப் பிடித்துப் பார்த்தாள், பிஸ்கட் கொடுத்தாள், திரும்பக் கொண்டுவந்து விட்டாள்.

"இன்னைக்கு வெட்டலைண்ணே. பழக்கத்தான் கூட்டிட்டு வந்தாங்களாம். நீங்களும் குட்டியில இப்படித்தான் வந்தீங்களா?" என்றது குட்டி.

"நான் வர்றது இதான்டா முதல் தடவை," என்றது பெரிய நாய். "கத்தரி பட்டா வலிக்குமா?"

"தெரியலையே அண்ணே."

பெரிய நாயின் கூண்டைத் திறக்க மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் கையில் கயிறு இருந்தது.