பரிந்துரைக்கே கட்டிய பேனர்

கரையான்சாவடியில் சாயங்கால வெயில், ஞானசௌந்தரி வீட்டு வாசல் பேனரில் சிரிக்கும் அவள் தம்பியின் முகத்தில் விழுகிறது. உயர் நீதிமன்ற நீதிபதியான தம்பி இக்னேஷியஸின் பெயர் உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரையானதுமே, பதவியே கிடைத்துவிட்டதாகத் தெருக்காரர்கள் கட்டியது. இன்று டெல்லியிலிருந்து வந்த நியமனப் பட்டியலில் கூடப் பரிந்துரையான எல்லாரும் இருக்கிறார்கள்; அவன் மட்டும் இல்லை. ஏனென்று யாரும் சொல்லவில்லை. “அவுத்துடட்டா யக்கா? சாரு வந்துகினு கீறாரு,” என்று ஏணியிலிருந்து கேட்கிறான் மெக்கானிக் பாபு. ஞானசௌந்தரி தலையசைக்கிறாள். பேனர் சரிந்து தரையில் விழும்போதே கார் வந்து நிற்கிறது. அதை எங்கே மறைப்பதென்று தெரியாமல் அவள் ஒரு முனையைப் பிடித்தபடி நிற்கிறாள். தம்பி இறங்கி வந்து மறுமுனையைப் பிடிக்கிறான். புடவை மடிப்பதுபோல இருவரும் நெருங்குகிறார்கள். சிரித்த முகம் பாதியாகிறது. “இன்னும் தெரியுதுக்கா,” என்கிறான் அவன். “இன்னொரு மடிப்பு மடி.”