பரமேஸ்வரன் விட்ட மான்

"எத்தினை மடங்கு பெருப்பிக்கும் எண்டதைப் பாத்து ஏமாறாதையும் தம்பி. ஸ்கோப் எண்டால் வெளிச்சம்தான் முக்கியம்" என்றார் பரமேஸ்வரன், வேட்டைத் துப்பாக்கியில் பூட்டும் தொலைநோக்கியைப் பற்றி.

மிச்சம் என்ற ஆங்கிலேய ஊரில் உள்ள அவரது வீட்டு வரவேற்பறையில், சந்தனப் பொட்டு வைத்த புதுத் தொலைக்காட்சிக்கு எதிரே உட்கார்ந்து அருள்நேசன் பணிவாகத் தலையாட்டினான். பழைய மாணவர் சங்கத் தலைவர் பதவிக்கு இருவரும் போட்டி. ஞாயிற்றுக்கிழமை தேர்தல். எப்படியாவது அவனை விலக வைக்க வேண்டும் என்றுதான் பரமேஸ்வரன் தேநீருக்குக் கூப்பிட்டிருந்தார்.

நேரே கேட்க வாய் வரவில்லை. அதனால், போன மாதம் ஸ்கொட்லாந்தில் வெள்ளைக்காரர்களோடு மான் வேட்டைக்குப் போன கதையை எடுத்திருந்தார். அது ஏற்கெனவே இரண்டு கல்யாண வீட்டிலும் ஒரு செத்த வீட்டிலும் ஓடிய கதை.

"என்ரை முதலாளியும் என்னை வேட்டைக்கு வரச் சொல்லியிருக்கிறார் அண்ணை. ஸ்கோப் நான்தான் கொண்டுபோகோணும். எதைப் பாத்து வாங்கிறது?"

இப்படி ஒரு கேள்விக்காக மனிதர் எத்தனை நாள் ஏங்கியிருப்பார்! நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மான் வெளியிலை வாறது பொழுதுபடுற நேரம். அந்த மங்கலிலையும் துலக்கமாய்த் தெரியோணும். அதுக்கு முன் கண்ணாடி பெரிசாய், நல்ல பூச்சோடை இருக்கோணும். ஒன்லைனிலை மலிவாய் வாங்கினீரெண்டால் மழைத்தூறலுக்கே உள்ளுக்குப் புகார் பிடிச்சு மங்கிப்போம். மற்றது, கண்ணைக் கொண்டுபோய் ஒட்டக்கூடாது. துவக்கு உதைச்சால் புருவம் பிளந்துபோம்."

"துவக்கும் உங்கடையோ அண்ணை?"

"அது பண்ணைக்காரன்ரை. ஸ்கோப் மட்டும் என்ரை. ஜேர்மன் சாமான். வெள்ளையள் வாங்கிப் பாத்துப்போட்டு வாயைப் பிளந்தவங்கள்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். கதையின் முக்கியமான இடம் வந்துவிட்டது.

"தூரத்திலை ஒரு கலைமான். பென்னாம்பெரிய கொம்பு. ஸ்கோப்புக்குள்ளாலை பாத்தால் கண்ணிமை மயிரை எண்ணலாம். விசையிலை விரலை வைச்சிட்டன். அந்த நேரம் பாத்து அது என்னைத் திரும்பிப் பாத்துது தம்பி. கண்ணிலை தண்ணி! நாங்களும் ஒரு காலத்திலை துவக்குக்குப் பயந்து ஓடினனாங்கள்தானே எண்டு நினைச்சன். விட்டிட்டன். வெள்ளையள் எல்லாம் தொப்பியைக் கழட்டிப்போட்டாங்கள்."

அருள்நேசனும் போரில் அப்படி ஓடியவன்தான். கண் கலங்கிவிட்டது.

"இப்பிடி மனமுள்ள ஆளோடை நான் போட்டி போடுறது சரியில்லை அண்ணை. நீங்களே தலைவராய் இருங்கோ. நான் விலகிறன்."

பரமேஸ்வரனுக்கு உச்சி குளிர்ந்தது. எழுந்துபோய்க் கண்ணாடி அலுமாரியிலிருந்து ஸ்கோப்பை எடுத்து வந்து, கைக்குழந்தையைக் கொடுப்பதுபோல் அவன் கையில் கொடுத்தார்.

"நீரே பாரும். இப்பிடி ஒண்டுதான் வாங்கோணும். முன்மூடியைக் கழட்டிப்போட்டு எதிர்வீட்டுப் புகைபோக்கியைப் பாரும்."

அருள்நேசன் மூடியைக் கழற்றினான். ஆனால் ஸ்கோப்பைக் கண்ணுக்குக் கொண்டுபோகவில்லை. முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணை, மானைப் பாத்தது இதுக்குள்ளாலைதானோ?"

"பின்னை? வேறை ஸ்கோப் என்னட்டை ஏது?"

"கண்ணிமை மயிர் வரைக்கும் தெரிஞ்சதோ?"

"ஒவ்வொண்டாய்த் தெரிஞ்சுது எண்டுறன்!"

அதற்குள் தேநீரும் வடையும் கொண்டு வந்தார் அவருடைய மனைவி கனகாம்பிகை. தட்டை வைத்துவிட்டு அருள்நேசனின் கையை எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"இஞ்சேருங்கோ! முன் கண்ணாடிதான் இதின்ரை உயிர் எண்டு சொன்னியள் எண்டு, நீங்கள் ஸ்கொட்லாந்துக்கு வெளிக்கிடேக்கை அது முழுக்கச் சந்தனம் அப்பி, நடுவிலை குங்குமமும் வைச்சு மூடிவிட்டனான். பாருங்கோ, ஒரு பொட்டும் அழியாமல் அப்பிடியே இருக்கு!"

அருள்நேசன் மூடியைப் பக்குவமாகத் திரும்பப் போட்டான்.

"அண்ணை, ஞாயிற்றுக்கிழமை நான் நிக்கிறன்."