குரல் வங்கியின் தவறு

இறந்தவர்களோடு பேசக் குரல் வங்கி தரும் மாதக் கடன் வரம்பு பத்து நிமிடம். அது தீர்ந்த பிறகும், நிவேதாவின் கணக்கு இன்னும் ஆயிரம் நிமிடம் இருப்பதாகக் காட்டியது.

“ஏனுங்க, பேங்க்காரங்க தப்பாப் போட்டுட்டாங்க. இனித் தினமும் பேசலாமுங்க,” என்றாள், இறந்துபோன கணவன் பரணியின் குரலிடம்.

“அப்ப உடனே சொல்லிப்போடு அம்மிணி.”

“சொன்னா இப்பவே கட் ஆயிருமுங்க!”

“அதுக்கு? அது நம்மளுது இல்லியே.”

கடைக்காரர் தவறிப் பையில் போட்ட ஒரு தேங்காயைத் திருப்பிக் கொடுக்க, கொட்டும் மழையில் போன மனுஷன் அவர். இந்தக் குரல் வெறும் இயந்திரம்தானோ என்று இத்தனை நாளும் அவளுக்குள் உறுத்திக்கொண்டிருந்த சந்தேகம் அந்த நொடியில் போய்விட்டது.

“நீங்களேதானுங்க,” என்று அழுதபடியே சிரித்தாள். “இன்னொருக்கா கூப்பிடுங்க.”

“அம்மிணி.”

அவர் கூப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, வங்கிக்குத் தவறைத் தெரிவிக்கும் பொத்தானை அழுத்தினாள்.