விடாக்கண்டன்

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் அந்த அடுக்குமாடி வீட்டின் கதவு திறந்ததும் அகிலன் கண்ணில் முதலில் பட்டவை அட்டைப்பெட்டிகள்தான். கூடம் முழுக்கக் கட்டி அடுக்கிவைத்திருந்தார்கள். நூருன்னிசா அக்கா ஒருவழியாக வீட்டை விற்க மனசு வைத்துவிட்டார் என்று அவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

இல்லாவிட்டால் அவன் வேலைக்கே வேட்டு. வீடு விற்றுத் தரும் ஏஜென்டாகச் சேர்ந்து மாதக்கணக்காகியும் ஒரு வீடுகூட அவன் கைக்கு வரவில்லை. இந்த வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றைப் பிடிக்காவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று லிட்டில் இந்தியா அலுவலகத்தில் முதலாளி ரமணன் சொல்லிவிட்டார்.

கூடவே ஓர் ஆங்கில மந்திரத்தையும் ஓதியிருந்தார். "டோன்ட் டேக் நோ ஃபார் ஆன் ஆன்சர். வேணாம்னு சொன்னா அதைப் பதிலாவே எடுத்துக்காதே லா. அவங்க முடிக்கிறதுக்குள்ள நீ அடுத்ததை ஆரம்பிச்சிடு."

அகிலன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். காலையும் மாலையும் நூருன்னிசா வீட்டுக்கு வந்து மணியடித்தான். மற்ற ஏஜென்டுகள் தட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தில், எந்த பிளாக், எந்த வீடு என்று ரமணனிடம்கூட மூச்சு விடவில்லை.

நூருன்னிசா பாவம், நல்ல மனுஷி. "இப்ப வேணாம் தம்பி, மக ஷமீமாவுக்கு ஸ்கூல் கடைசி வருஷம், ஓ லெவல் பரீட்சை முடியட்டும். இந்த வீடு வந்து..." என்று தொடங்குவார்.

அகிலன் மகராசன் எங்கே முடிக்க விட்டான்? "சுவத்துல ஒரு ஆணிகூட அடிக்காம வெச்சிருக்கீங்க, நல்ல விலை போகும்கா" என்று குறுக்கே பாய்ந்துவிடுவான்.

போன வாரம்தான் முதன்முதலாகப் பெரிய ஆளின் பெயரை எடுத்தான். ரமணன் சார் விடவே மாட்டார், கையோடு முடித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார் என்றான்.

"ரமணன் சாரா சொன்னாரு?" என்று கேட்ட நூருன்னிசா, சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனார். முதலாளி பெயருக்கே இவ்வளவு மதிப்பா என்று அகிலன் பூரித்துப்போனான்.

இப்போது உள்ளறையில் ஷமீமா பாடப்புத்தகங்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அகிலனுக்கு என்னவோ போலிருந்தது, ஆனாலும் நாளைக்கு வெள்ளிக்கிழமை.

"அப்ப ஒத்துக்கிட்டீங்களாக்கா?"

நூருன்னிசா சாவிக்கொத்தை அவன் கையில் வைத்தார்.

"ரமணன் சார்கிட்ட கொடுத்துடுங்க தம்பி. அவரு வீடு, அவரு விக்கிறாரு. நாங்க வேற வீடு வாடகைக்குப் பார்த்துட்டோம்."