ஒரே பிள்ளைக்கு அடிக்கிற மணி

"அரையும் மூணுல ஒண்ணும் சேர்ந்தா, அஞ்சுல ரெண்டு." பெஞ்சில் உட்கார்ந்தபடி விடை சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தார் சிவலிங்கம் வாத்தியார்.

"தப்பு சார்!" கரும்பலகை பக்கம் நின்ற ஐந்தாம் வகுப்பு அன்பரசி இடுப்பில் கை வைத்தாள். "பாதி ரொட்டி ஏற்கெனவே உங்ககிட்ட இருக்கு. இன்னொரு துண்டும் தர்றேன். அப்புறம் எப்படிப் பாதிக்குக் குறையும்?"

பள்ளியைப் பார்க்க வந்து பின்னால் உட்கார்ந்திருந்த நளினி டீச்சருக்குச் சிலிர்த்துவிட்டது. தானா ராத்தா நகருக்குப் பக்கத்தில் உள்ள அனைத்துலகப் பள்ளியில் பத்து வருடமாக அவள் தலைபாடாய் அடித்துக்கொள்வது இதற்குத்தானே! பிள்ளை கற்றுக்கொடுக்கட்டும், வாத்தியார் கேட்கட்டும் என்று.

இந்தத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் அது சர்வசாதாரணமாய் நடந்தது. என்ன, பள்ளிக்கூடம் முழுவதற்கும் ஒரே வாத்தியார், ஒரே மாணவி.

சாப்பாட்டு நேரத்தில் இருவரும் டப்பாவைத் திறந்தார்கள். இரண்டிலும் சோறு, நெத்திலி சம்பல், பாதி முட்டை. பிள்ளையின் வீட்டிலிருந்தே வாத்தியாருக்கும் சாப்பாடு வருகிறது போலும் என்று நளினி நினைத்துக்கொண்டாள்.

பள்ளி விடும் நேரம். அன்பரசி வெளியே பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நளினி ஒரு ஃபாரத்தை நீட்டினாள்.

"சார், இவளுக்கு எங்க ஸ்கூல்ல இடம் தர்றோம். ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டலும் இருக்கு. வீட்டுல ஒரு சைன் வாங்கிக் குடுங்க, போதும்."

வாத்தியாரின் முகம் வாடிவிட்டது. "வேணாம் டீச்சர்."

"ஏன் சார்?"

"இவளும் போயிட்டா பள்ளிக்கூடத்த மூடிருவாங்க. அடுத்த வருஷம் பக்கத்து ஊர் கியா பார்ம்லேர்ந்து ரெண்டு பிள்ளைங்க ஒண்ணாம் வகுப்புக்கு வருதுங்க. அதுவரைக்கும் இது திறந்திருக்கணும் லா."

நளினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதுக்காக இவ வாழ்க்கையப் பலி குடுப்பீங்களா? ஓடி விளையாட ஒரு கூட்டாளிகூட இல்ல சார் இவளுக்கு!"

"தெரியும் டீச்சர். நாந்தான் கூட பந்து விளையாடறேன்."

"நான் இவ அப்பாகிட்டயே பேசிக்கிறேன்."

"அவரும் வேணாம்னுதான் சொல்வாரு."

"அத நீங்க எப்படிச் சொல்லலாம்? ஊரான் பிள்ளைன்னா அவ்வளவு இளக்காரமா? உங்க சொந்தப் பிள்ளையா இருந்தா இப்படிச் செய்வீங்களா சார்?"

சொன்ன பிறகுதான் சற்று அதிகமாய்ப் பேசிவிட்டோமோ என்று நளினிக்குத் தோன்றியது. ஆனால் வாத்தியார் கோபப்படவில்லை. ஃபாரத்தை நான்காய் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் மணியை அடித்தார். ஒரே பிள்ளைக்கு அடிக்கிற மணிதான், ஆனாலும் அந்த மனிதர் குறை வைக்காமல் அடித்தார்.

மணிச்சத்தம் ஓய்ந்ததும் அன்பரசி பையை மாட்டிக்கொண்டு ஓடி வந்தாள். அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"பூட்டிட்டு வீட்டுக்குப் போலாமா, அப்பா?"