கழுத்தோரப் புள்ளிகள்

"ரெண்டும் இடக்கை பேஸ் கிட்டார். ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே வருஷம். நல்லா பார்த்து, எது வேணுமோ சொல்லுங்க தம்பி" என்றார் கண்ணாடிக் கடைக்காரர், ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

சொன்னதில் பாதி பொய். அது அவர் வைக்கும் பரீட்சை.

மூக்குக் கண்ணாடி விற்றுப் பிழைக்கிற அந்த மனிதர் ஆசை ஆசையாகச் சேர்த்தது மூன்றே மூன்று பழைய இடக்கை கிட்டார்கள். தோள்வலி வந்து மாட்ட முடியாமல் போனதும் கொடுத்துவிட முடிவு செய்தார். முதலாவதைக் கண் கலங்க வாங்கிப் போனவன், மறுநாளே இரண்டு மடங்கு விலைக்கு விளம்பரம் போட்டான். சூடு கண்ட பூனையாகிவிட்டார். இனி வாசிக்கிற இடக்கைக்காரனுக்குத்தான், வியாபாரிக்குக் கிடையாது என்று மனைவி மேல் சத்தியம் செய்திருந்தார். அதன் பிறகு வந்த நாலு பேரும் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

இன்று வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். அச்சகத்தில் வேலையாம். இரண்டு கிட்டாரும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இருபுறமும் ஒரே மாதிரி வளைந்த உடம்பு, தேன் நிற மரம். பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்தான். வந்தவர் செருப்பைக் கழற்றிய வேகத்திலேயே தரையில் மண்டியிட்டுவிட்டார்.

"அண்ணே, இதோட முறுக்காணி நாலும் அப்பவே வந்தது. அந்தக் கிட்டார்ல ஒண்ணு மட்டும் புதுசு. சரியா?"

"சரி."

"இது கொஞ்சம் கனம் கம்மி. கழுத்தும் மெலிசு. அடேயப்பா, குறுக்கே பதிச்ச ஃபிரெட் கம்பி தேய்மானத்தைப் பாருங்க, முதல் அஞ்சு கட்டத்துலயே குடியிருந்திருக்கான் மனுஷன்."

கண்ணாடிக் கடைக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. அந்த மனுஷன் அவர்தான். தோள்வலியை மறந்து அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார். இருவரும் மாற்றி மாற்றித் தட்டினார்கள், மோந்து பார்த்தார்கள், ஒரு திருகாணிக்காகக் கால் மணி நேரம் சண்டை போட்டார்கள். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, "ஜாடிக்கேத்த மூடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திடீரென்று வந்தவர் சிரித்தார்.

"அண்ணே, என்னை ஆழம் பார்க்கறீங்க. கழுத்து ஓரத்துல புள்ளி வெச்சிருப்பாங்க இல்ல, வாசிக்கிறவன் குனிஞ்சு பார்த்தா இடம் தெரியணும்னு? இந்தக் கிட்டார்ல அது மேல இருக்கு. அந்தக் கிட்டார்ல கீழ, தரையைப் பார்த்துக்கிட்டு இருக்கு. அது பொறக்கும்போது வலக்கை. யாரோ திருப்பிக் கம்பி கட்டி இடக்கையா மாத்தியிருக்காங்க."

இதுவரை ஒருவனும் கண்டுபிடித்ததில்லை. கண்ணாடிக் கடைக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி, ஒரிஜினலே உங்களுக்குத்தான். விலாசத்தை மட்டும் எழுதிக் கொடுங்க" என்று நோட்டை நீட்டினார்.

வந்தவர் வலக்கையால் எழுதினார். முத்து முத்தான எழுத்து.

கண்ணாடிக் கடைக்காரரின் மனதில் ஒரு முள் குத்தியது. சரி, பள்ளிக்கூடத்தில் அடித்து மாற்றியிருப்பார்கள், ஊர் உலகத்தில் நடக்காததா என்று சமாதானம் செய்துகொண்டார். இருந்தாலும் சத்தியம் சத்தியம்தானே.

"ஒண்ணு வாசிச்சுக் காட்டுங்களேன்."

வந்தவரின் முகம் சட்டென்று சுருங்கியது. ஒரிஜினலை மடியில் வைத்தார். வலக்கை விரல்கள் தட்டுத் தடுமாறி இடம் தேடின. இடக்கைக் கட்டைவிரலால் டும் என்று ஒரு தட்டு. ஒரு மூச்சு விட்டு இன்னொரு டும். நேற்று கிட்டார் வாங்கிய பள்ளிக்கூடப் பையன்கூட இதைவிட நன்றாக வாசிப்பான்.

கண்ணாடிக் கடைக்காரர் எழுந்துவிட்டார். அவருக்குக் கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகமாக இருந்தது.

"திருகாணியைப் பார்த்தே வருஷம் சொல்றீங்க. ஒரு ஸ்கேல் வாசிக்கத் தெரியலை. எழுதறது வலக்கை. நீங்க வியாபாரி தம்பி. வாசிக்கிற ஆள்னு நம்பி உக்கார்ந்து பேசினேன் பாருங்க, என்னைச் சொல்லணும். ஒரிஜினலை வெச்சிட்டுக் கிளம்புங்க."

வந்தவர் கோபப்படவில்லை. ஒரிஜினலைப் பத்திரமாகச் சோபாவில் சாய்த்து வைத்தார்.

"ஒரிஜினலை நான் கேக்கவே இல்லையேண்ணே. அதை நல்லா வாசிக்கிற ஆளாப் பார்த்துக் கொடுங்க. எனக்கு மாத்தினது போதும்."

கண்ணாடிக் கடைக்காரர் விழித்தார். எந்த வியாபாரியும் மாற்றியதைக் கேட்க மாட்டான். அதற்குச் சந்தையில் பாதி விலைகூடக் கிடையாது.

"மாத்தினதை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"வாசிக்கத்தான்" என்ற வந்தவர், இடக்கையை நீட்டி நடுவில் இருந்த மூன்று விரல்களை மடக்கப் பார்த்தார். அவை குச்சி மாதிரி நேராகவே நின்றன. "இருபத்திரண்டு வருஷம் மேடையில வலக்கைக் கிட்டார் வாசிச்சவன்ணே நான். போன வருஷம் அச்சக மெஷின் இதைக் கடிச்சிடுச்சு, இனி இதால கம்பியை அமுக்க முடியாது, தட்டத்தான் முடியும். அதான் ஆறு மாசமா கையை மாத்தி, அ ஆவிலிருந்து ஆரம்பிச்சிருக்கேன்."